இரட்டை டேங்க் பிக்கப்பும் ஆறு வாய் வால்வும்

ஓஹையோவில் இருக்கும் நண்பர் ஒருவர் 1980களின் ஷெவ்ரலே சி10 பிக்கப் ஒன்றை விலை பேசி வைத்திருக்கிறார். அதிலுள்ள இரண்டு பெட்ரோல் டேங்குகளையும் வைத்துக்கொள்வதா, ஒன்றைக் கழற்றிவிடுவதா என்று என்னிடம் கேட்டார். அதே தலைமுறை வண்டியைப் பல ஆண்டுகளாக ஓட்டிவரும் எனக்கு எஞ்சினைப் பற்றியோ கியரைப் பற்றியோ புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியதெல்லாம் சேஸிஸ் சட்டத்தில் திருகப்பட்டிருக்கும் அந்த ஆறு வாய் வால்வைப் பற்றியும் அதில் வந்து சேரும் குழாய்களைப் பற்றியும்தான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எட்டடிப் பின்தளம் கொண்ட என் வண்டியில் பக்கத்துக்கு 20 காலன் வீதம் மொத்தம் 40 காலன், அதாவது ஏறத்தாழ 150 லிட்டர் பெட்ரோல் கொள்ளும். நெடுஞ்சாலையில் இடது டேங்க் காலியாகும் தறுவாயில் டேஷ்போர்டில் உள்ள சுவிட்சைத் தட்டினால், எஞ்சின் ஒரு மூச்சுகூடத் தடுமாறாமல் வலது டேங்குக்கு மாறிவிடுகிறது; எரிபொருள் முள்ளும் கூடவே எழுந்து நிற்கிறது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த முள் எழுவதைப் பார்க்கும்போது எனக்கு அற்ப சந்தோஷம்தான்.

அந்த எளிமைக்குப் பின்னால் இருப்பது ஒரே வால்வு. இரண்டு டேங்குகளிலிருந்தும் வரும் குழாய்கள் இரண்டு, எஞ்சினுக்குப் போகும் குழாய் ஒன்று. அதேபோல, எஞ்சினிலிருந்து மிச்சப் பெட்ரோலைத் திருப்பிக் கொண்டுவரும் ரிட்டர்ன் குழாய் ஒன்று, அதைப் பெற்றுக்கொள்ளும் டேங்குகளின் குழாய்கள் இரண்டு. சுவிட்ச் மின்சாரத்தின் திசையை மாற்றும்போது வால்வுக்குள் இருக்கும் சிறு மோட்டார் இரு வழிகளையும் ஒருசேரத் திருப்புகிறது. எந்த டேங்கின் அளவை முள் காட்ட வேண்டும் என்பதையும் அதே வால்வுதான் தீர்மானிக்கிறது. எந்த டேங்கிலிருந்து பெட்ரோல் எடுக்கப்படுகிறதோ அதே டேங்குக்குத்தான் மிச்சமும் திரும்ப வேண்டும். என் எரிச்சல் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கும்.

பழைய வால்வு பழுதானபோது, கராஜில் அதற்கு மாற்றாகச் சந்தையில் கிடைத்த ஒன்றைப் பொருத்தினார்கள். பார்வைக்கு இரட்டைப் பிறவிபோல இருந்தாலும் ரிட்டர்ன் வாய்களின் வரிசை பழையதிலிருந்து மாறுபட்டிருந்தது. கராஜ்காரரோ பழைய குழாய்கள் எந்த இடத்தில் இருந்தனவோ அந்த இடத்திலேயே செருகிவிட்டார். விளைவு, இடது டேங்கில் ஓடும்போது மிச்சம் வலது டேங்குக்குப் போனது. கார்புரேட்டர் வண்டியில் திரும்பும் பெட்ரோல் குறைவு என்பதால் தவறு உடனே தெரியவில்லை. வலது டேங்கை நிரப்பிவிட்டு இடதில் நெடுந்தூரம் போன பிறகுதான் வலது மூடியின் ஓரத்தில் பெட்ரோல் கசிந்து பெயின்ட்டைக் கெடுத்தது. ஆகவே நண்பரே, வால்வு மாற்றிய வண்டியென்றால் ரிட்டர்ன் குழாயை எஞ்சின் பக்கம் கழற்றி, சுவிட்சை ஒவ்வொரு பக்கமாக வைத்து, மிகக் குறைந்த அழுத்தத்தில் காற்றை ஊதிப் பாருங்கள். எந்த டேங்கின் மூடி வழியே குமிழியோசை கேட்கிறது என்பது உண்மையைச் சொல்லிவிடும். எஞ்சின் ஆறிய பின், திறந்த வெளியில், நெருப்புக்கு வழியில்லாதபடி செய்ய வேண்டிய சோதனை இது.

இன்னொன்று. இவ்வண்டியின் பம்ப் எஞ்சினோடு இணைந்த மெக்கானிகல் பம்ப். பெட்ரோலை உறிஞ்சித்தான் எடுக்கிறது. உறிஞ்சும் பக்கத்து ரப்பர் ஹோஸில் மயிரிழை வெடிப்பு விழுந்தால் வண்டி ஓடும்போது பெட்ரோல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். மேட்டில் எஞ்சின் திணறும், தரையில் ஒரு துளி இருக்காது. ஒரு டேங்கில் மட்டும் திணறினால் குற்றவாளி அந்த டேங்குக்கும் வால்வுக்கும் இடையே இருக்கிறது. இரண்டிலும் திணறினால் வால்வையோ அதைத் தாண்டிய பொதுப் பாதையையோ பார்க்க வேண்டும். இந்த வசதியை ஒற்றை டேங்க் வண்டி தராது என்பதை நியாயத்துக்காகச் சொல்கிறேன்.

பழைய ஹோஸ்கள் எத்தனால் கலந்த பெட்ரோலில் இறுகி வெடிப்பதால், கார்புரேட்டருக்கு 30ஆர்7 என்ற தரக்குறியீடு உள்ள ஹோஸ் வகை போதும் என்று கடையில் சொன்னாலும், உட்பக்கம் ஃப்ளூரோ ரப்பர் பூசிய 30ஆர்9 வகையையே வாங்குவது நல்லது. உப்புத் தூவும் குளிர்காலச் சாலைகளில் இரும்புக் குழாய் துருப்பிடிக்கும். நிக்கல் கலந்த செம்புக் குழாய் கையாலேயே வளையும், துருவும் ஏறாது. அதன் முனையைச் சுற்றி ஹோஸைப் பிடித்து நிறுத்தும் மேடான விளிம்பு எழுப்பாமல் ஹோஸைச் செருகி கிளாம்ப் போட்டால் என்றாவது ஒருநாள் நழுவும்.

ஆக, முறையாகக் குழாய் அமைத்தால் இது உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. இருந்தும் ஒரு டேங்கைக் கழற்றிவிடுங்கள் என்றுதான் சொல்வேன். டேங்குகள் சேஸிஸ் சட்டத்துக்கு வெளியே, பக்கவாட்டு மோதலுக்கு முகம் கொடுத்தபடி இருக்கின்றன. 1992இல் அந்த ஆபத்தைக் காட்டப் புறப்பட்ட அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சி, மோதல் காட்சியில் தீப்பற்றவைக்கும் கருவிகளைப் பொருத்தியிருந்தது அம்பலமாகி 1993இல் மன்னிப்புக் கேட்டது. அதனால் டேங்குகள் உள்ளே நகர்ந்துவிடவில்லை. அதைவிட, பெயின்ட் கெட்ட அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. என் வண்டியில் ஏன் இரண்டும் இருக்கின்றன என்று கேட்காதீர்கள். நாற்பது காலனுக்குப் பழகியவனுக்கு இருபது போதாது.