குமரி வள்ளுவர் சிலை: பீடத்தை அவசரமாகத் தாண்டாதீர்கள்

133 அதிகாரத்துக்கு 133 அடி என்பது ஊரறிந்த கணக்கு. நுணுக்கம் அதைப் பிரித்த விதத்தில் இருக்கிறது. பீடம் 38 அடி, அறத்துப்பாலின் 38 அதிகாரம். அதன்மேல் சிலை 95 அடி, பொருளுக்கு 70, இன்பத்துக்கு 25. அறத்தின் மேல்தான் மற்ற இரண்டும் நிற்கின்றன. வலக்கையின் மூன்று விரல்களும் அந்த முப்பாலே. இடுப்பில் லேசான ஒசிவு. இத்தனை உயரக் கருங்கல்லில் அதைக் கொண்டுவந்தது கணபதி ஸ்தபதியின் கைத்திறன்.

முன்பெல்லாம் கடல் நீர்மட்டம் தாழ்ந்தால் இங்கே படகு வராது, விவேகானந்தர் பாறையோடு திரும்ப வேண்டியதுதான். 2024 டிசம்பரில் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் அந்தக் குறையைத் தீர்த்தது. ஆனால் கரையிலிருந்து பாறைக்கு இன்னும் படகுதான். கடல் கொந்தளித்தால் அதுவும் நிற்கும். பாலத்தில் செல்ஃபிக் கூட்டம், பீடத்தில் ஆளில்லை!