கமிசாமா கிஸ்: மங்காவா அனிமேவா?

'கமிசாமா கிஸ்'ங்கிற ஜப்பானியக் கதையோட நாயகி நானாமி. அவ கதைய மங்காவுல (ஜப்பானிய காமிக்ஸ்) ஆரம்பிக்கலாமா, அனிமேல (ஜப்பானிய கார்ட்டூன் தொடர்) ஆரம்பிக்கலாமான்னு கேட்டா என் ஓட்டு மங்காவுக்குத்தான். அப்பா சூதாடி கடன வச்சிட்டு ஓடிட்டாரு, வீடும் போச்சு, அந்த நிலைமையிலயும் நாய்க்கு பயந்து மரத்துல ஏறுன ஒருத்தருக்கு உதவப் போயி மிக்காகே கோயிலுக்கே தெய்வமாகுற பொண்ணு, அவள 2008லேர்ந்து 2016 வரைக்கும் 25 வால்யூம்ல நிதானமா வளர்த்துருக்காங்க. அனிமே 2012, 2015னு ரெண்டு சீசன், காமெடி டைமிங் செம, முதல் சீசன் கடைசில அவ ஆடுற காகுராங்கிற கோயில் நடனத்த அசைவோட பாக்குறது தனி சுகம். ஆனா கோயிலோட நரி சேவகன் டோமோயேவோட பழைய காதல நாலு ஓவிஏல (டிவில வராம தனியா வெளியான எபிசோடு) அவசரமா முடிச்சிட்டாங்க, டோமோயேவோட பழைய கூட்டாளியான அரக்கன் அகுராஓ மேல கூட நானாமி காட்டுற இரக்கம் முழுசா இருக்கறது மங்காலதான்.