கியோகுரோ டீ: ஒன்றரை வருடம் குடித்த பிறகு

தண்டையார்பேட்டைத் தோழி நேற்று போனில் கேட்டாள்: "அந்த ஜப்பான் டீயை இன்னும் குடிக்கிறியா? நானும் வாங்கட்டுமா?"

முதல் பாக்கெட்டைப் பிரித்த அன்று விற்றவர்மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. வீடு காசிமேட்டில். கோப்பையில் காய்ந்த கடல்பாசி வாசம் அடித்ததும், கருவாட்டு டப்பாவின் வாடை ஏறிவிட்டது என்று நினைத்துக் கீழே ஊற்றிவிட்டேன். பாவம், அது அந்த டீயின் சொந்த வாசம். பறிப்பதற்கு முன் சுமார் 20 நாள் செடிக்குப் பந்தல் போட்டு வெயிலை மறைக்கிறார்கள். வெயில் பட்டால் இலையிலுள்ள தியானின் என்ற அமினோ அமிலம் குறைந்து துவர்ப்பு ஏறும். நிழலில் தியானின் தங்கிவிடும். சூப் மாதிரி நாக்கில் படிகிற ருசி அதனால்தான். பாசி வாசத்துக்குக் காரணம் டைமெத்தில் சல்பைடு என்ற கந்தகப் பொருள். கடல்பாசியிலும் அதுவே மணக்கிறது. பறித்ததும் ஆவியில் வேகவைப்பதால் இலை கறுக்காமல் கீரை மணமும் நிற்கிறது.

இதைக் கொதிக்க விட்டால் கசப்புதான் மிஞ்சும். 50, 60 டிகிரி போதும். நான் இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி ஆற்றி, டம்ளரைக் கையில் பிடிக்க முடிகிற சூட்டில் இலைமேல் ஊற்றுவேன். இரண்டு நிமிடம். கிடைப்பது மூன்றே மடக்கு. உப்பே போடாத முருங்கைக்கீரைத் தண்ணீரில் உப்பு இருப்பதுபோல ஒரு ருசி! ஊறி விரிந்த இலையில் சின்ன வெங்காயம், உப்பு, இரண்டு சொட்டு நல்லெண்ணெய் சேர்த்துப் பிசைந்தும் சாப்பிட்டேன். அரைக்கீரைகூட அவ்வளவு மெத்தென்று இருக்காது.

எரிச்சல் பாக்கெட்டைப் பிரித்த பிறகுதான். எங்கள் ஊர் ஈரக்காற்றுக்கு மூன்றே வாரத்தில் பச்சை மணம் போய் வைக்கோல் வாசம் வந்துவிடுகிறது. ஃபிரிட்ஜில் வைத்தேன், இட்லி மாவின் புளிப்பு வாடை ஏறியது. வெளியே எடுத்ததும் திறந்ததில் உள்ளே நீர் வேறு கோத்துக்கொண்டது. போர் தண்ணீரில் போட்டால் ருசியே எழும்புவதில்லை, மேலே படலம்தான் மிதக்கிறது. அந்த விலைக்கு இவ்வளவு பாடா?

வாங்காதே என்று சொல்லிவிட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்து ஒரு வாய் குடித்துப் பார் என்றும் சொன்னேன். வருகிறாளாம். அதற்குள் கேன் தண்ணீர் சொல்லி வைக்கணும்.