பச்சைக் கூழும் பதின்வயதுப் பட்டாளமும்

பள்ளிப் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. அதனாலேயே பிள்ளைகள் நடித்த நகைச்சுவை என்றால் எனக்குக் கொஞ்சம் அலர்ஜி. ஒட்டு மீசை வைத்துக்கொண்டு, பெரியவர் யாரோ எழுதிக்கொடுத்த சிலேடையை மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டு, கைதட்டலுக்காகக் காத்து நிற்கும் பையனை எத்தனை தடவைதான் பார்ப்பது? 'யூ கான்ட் டூ தட் ஆன் டெலிவிஷன்' என்ற பழைய கனடா நிகழ்ச்சியில் அந்தப் பையன் கிடையாது. அதற்கே பாதி மதிப்பெண் கொடுத்துவிடலாம்.

ஒட்டாவாவின் சி.ஜே.ஓ.ஹெச். தொலைக்காட்சி நிலையத்தில் 1979 பிப்ரவரியில் தொடங்கியது இது. உருவாக்கியவர் ரோஜர் பிரைஸ். முதலில் சனிக்கிழமை காலையில் ஒரு மணி நேர நேரலை. நடுநடுவே தொலைபேசிப் போட்டி, பாட்டு என்று உள்ளூர்ச் சரக்கு. பிறகு அரை மணி நேரமாக இறுகி, அமெரிக்காவின் நிக்கலோடியன் சேனலுக்குப் போய், அங்கே சக்கைப்போடு போட்டது. 1990 வரை ஓடியது. வரலாறு இவ்வளவு போதும்.

நடிப்பவர்களில் பெரும்பாலோர் ஒட்டாவா பக்கத்துப் பிள்ளைகள். கிறிஸ்டீன், லிசா, அலஸ்டேர் என்று சொந்தப் பெயரிலேயே வருகிறார்கள். ஸ்டூடியோவில் கேமராவைப் பார்த்து நின்றுகொண்டு சண்டை போடுகிறார்கள், இன்றைய நிகழ்ச்சி எவ்வளவு மட்டம் என்று தாங்களே குறை சொல்கிறார்கள். சிலருக்கு வசனம் தடுமாறுகிறது. சிலர் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். நானாக இருந்தால் திரும்ப எடுக்கச் சொல்லியிருப்பேன். அவர்கள் அப்படியே விட்டுவிட்டார்கள். அதுதான் அழகாக இருக்கிறது.

சரி, கூழுக்கு வருவோம். இந்த நிகழ்ச்சிக்கு ஒரு சட்டம் உண்டு. யாராவது வாய் தவறி 'ஐ டோன்ட் நோ' என்று சொன்னால், மேலேயிருந்து பச்சைக் கூழ் தலையில் கொட்டும். 'வாட்டர்' என்றால் தண்ணீர் கொட்டும். மன்னிப்பு, மேல்முறையீடு ஒன்றும் கிடையாது. முதன்முதலாகக் கொட்டியது கேன்டீன் மிச்சம் மீதி என்றும், படப்பிடிப்பு தள்ளிப்போனதில் வாளியோடு பூசணம் பிடித்துவிட்டது என்றும் தயாரிப்பாளர் ஜெஃப்ரி டார்பி சொல்லியிருக்கிறார். பிற்பாடு ஜெலட்டின், ஓட்ஸ், பச்சைச் சாயம் என்று கலவை ஒழுங்குக்கு வந்தது. தலை அலசச் சுலபமாக இருக்கட்டும் என்று பேபி ஷாம்பூவும் சேர்த்தார்களாம்.

ஒரு காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கேள்வி கேட்டாயிற்று. பையனுக்குப் பதில் தெரியவில்லை. அவன் கண் ஒரு நொடி மேலே போகிறது. "அதைப் பற்றி நான் இன்னும் யோசிக்கவில்லை" என்கிற மாதிரி ஏதோ சொல்லி நழுவுகிறான். இன்னொரு கேள்வி. இன்னொரு நழுவல். மூன்றாவது கேள்வியில் எரிச்சல் வந்து கத்திவிடுகிறான், அந்த மூன்று சொல்லையும். கூழ் உடனே விழுவதில்லை. அரை நொடி கழித்துத்தான் வருகிறது. அதற்குள் தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறிவிட்டது, கண்ணை இறுக மூடியாயிற்று. முதல் கட்டி உச்சந்தலையில் 'தொப்'பென்று விழுந்து, நெற்றி வழியாக இறங்கி, மூக்கு நுனியில் கொஞ்சம் தங்கி, பிறகு சட்டைக்குள் போகிறது. பையன் நடிக்கவே இல்லை. அவனுக்கு நிஜமாகவே சில்லிடுகிறது.

நாடகம் சொல்லிக்கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. சின்னப் பிள்ளைக்கு நகைச்சுவையில் வருவதே இல்லாத சங்கதி டைமிங். எவ்வளவு ஒத்திகை பார்த்தாலும் ஒரு நொடி முந்தும், இல்லை பிந்தும். இங்கே அந்த வேலையை வாளியைப் பிடித்திருப்பவர் பார்த்துக்கொள்கிறார். பிள்ளை செய்ய வேண்டியதெல்லாம் மாட்டிக்கொள்வதுதான். சட்டம் பார்ப்பவர்களுக்கும் தெரியும் என்பதால், கேள்வி தொடங்கும்போதே வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை "சொல்லிடாதே, சொல்லிடாதே" என்று கத்தத் தொடங்கிவிடும். பின்னாளில் இந்தப் பச்சைக் கூழ் நிக்கலோடியனுக்கே அடையாளமாகிவிட்டது. ஆனால் விருது மேடையில் பிரபலங்கள் மேல் டன் கணக்கில் கொட்டுவதில் எனக்கு ரசனை இல்லை. சட்டம் இல்லாமல் கொட்டினால் அது வெறும் கூழ்.

அடுத்த கெட்டிக்காரத்தனம் பெரியவர்கள் விஷயத்தில். அப்பா, வாத்தியார், ஸ்டூடியோ டைரக்டர் ரோஸ், பர்கர் கடை பார்த், சிறைக் காவலர் என்று ஆண் வேடம் ஏறக்குறைய அத்தனையும் லெஸ் லை ஒருவரே. ஒட்டாவா வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஏற்கெனவே பெயர் வாங்கியவர். தொடங்கும்போதே ஐம்பதைத் தாண்டியிருந்தார். அம்மா உள்ளிட்ட பெண் வேடங்கள் அபி ஹேக்யார்டுக்கு. செலவை மிச்சம் பிடிக்கத்தான் இப்படிச் செய்தார்களோ என்னவோ, திரையில் அது வேறு மாதிரி வேலை செய்கிறது. வீட்டில் திட்டும் அதே முகம் பள்ளியில் தொப்பியை மாற்றிக்கொண்டு திட்டுகிறது. பத்து வயதில் உலகம் அப்படித்தானே தெரியும்!

பார்த் கடைக் காட்சிகள் எனக்கு ரொம்பப் பிடித்தவை. அழுக்கு ஏப்ரன், வாயில் சிகரெட். பிள்ளைகள் பாதி பர்கரைத் தின்றபிறகு "இதில் என்னதான் போட்டிருப்பார்?" என்று ஒருவரையொருவர் கேட்பார்கள். "அது என் காதில் விழுந்தது" என்று எட்டிப்பார்த்து, அவர் காட்டும் பதில் எதுவாக இருந்தாலும் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்வார்கள். துப்பாக்கிப் படைக் காட்சி இன்னும் கறுப்பு: கம்பத்தடியில் நிற்கும் பிள்ளையைச் சுட கேப்டன் உத்தரவு கொடுக்கப் போவார், பிள்ளை பேச்சுக் கொடுத்து அவரையே குண்டுக்கு நடுவில் கொண்டுவந்து நிறுத்திவிடும். ஒவ்வொரு வாரமும் ஏமாறுவார். உலகம் தலைகீழாகும் பகுதி ஒன்றும் உண்டு; வீட்டுப்பாடம் முடித்ததற்காக அம்மா திட்டுவாள், மிட்டாய் சாப்பிட்டால்தான் காய்கறி என்பாள். பள்ளி லாக்கர் கதவைத் திறந்து தலையை நீட்டிச் சொல்லும் கடி ஜோக்குகள் பரவாயில்லை ரகம்.

குறைகள் இல்லாமலா? பதிவு செய்து ஒட்டிய சிரிப்பொலி காதைக் குடைகிறது. லிசா ஓயாமல் பேசுகிறாள் என்ற ஒரே நகைச்சுவையை வருஷக்கணக்கில் இழுத்தார்கள். அந்தப் பெண் அதைவிட நல்ல நடிகை. 1987-ல் தத்தெடுப்பை வைத்து எடுத்த பகுதியில் கிண்டல் எல்லை மீறி, தத்துப் பிள்ளையையே அடிக்கிறது. அதை ஒளிபரப்பிலிருந்தே எடுத்துவிட்டார்கள்; சரியான முடிவு. பதின்வயதினர் நிகழ்ச்சி என்று சொல்லிக்கொண்டாலும், பதினைந்து வயதில் சேர்ந்த கிறிஸ்டீன் மக்கிளேட் 1986 வரை இருந்தார். கடைசியில் இருபது தாண்டிய பெண் வீட்டுப்பாடத்தைப் பற்றிப் புலம்புவது கொஞ்சம் இடிக்கிறது. ஆனாலும் அவர் போனபிறகு நிகழ்ச்சிக்கு முதுகெலும்பு இல்லாமல் போனது நிஜம். கடைசி ஆண்டுகளில் அருவருப்பு மிஞ்சியது, குறும்பு குறைந்தது.

பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பாடகி அலானிஸ் மோரிசெட்டைத் தேடித்தான் பலர் இதைப் பார்க்க வருகிறார்கள். 1986-ல் சிறுமியாகச் சில பகுதிகளில் வந்து, அவரும் கூழ் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். அதற்காக மட்டும் பார்க்க வேண்டாம், ஏமாந்துபோவீர்கள்.

தொடங்குவதென்றால் 1982-க்கும் 1986-க்கும் நடுவில் எடுத்தவற்றிலிருந்து தொடங்குங்கள். இணையத்தில் சுற்றுவது பெரும்பாலும் பழைய கேசட் பதிவுகள், படம் கொஞ்சம் மங்கல்தான். எட்டு வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்குச் சிறைக் காட்சியும் துப்பாக்கிப் படையும் வேண்டாம். மற்றவர்களுக்குத் தாராளமாகப் போட்டுக் காட்டலாம். பார்த் வரும்போது மட்டும் கையில் தட்டு இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.