கன்ட்ரோல் பேனலிலேயே சர்வர் ஈவென்ட் லாக்: நீண்ட நாள் பயன்பாட்டில் கண்டது

விண்டோஸ் சர்வர்களில் ஓடும் வலைத்தளங்களைப் பராமரிப்பது என் வேலை. லாக் (சர்வரில் நடப்பவற்றின் பதிவேடு) பார்ப்பதற்காக ரிமோட் டெஸ்க்டாப்பில், அதாவது தொலைவிலிருந்து சர்வரின் திரைக்குள், நுழைவதைப் பெரும்பாலும் விட்டுவிட்டேன். தளங்களைப் பிரவுசரிலிருந்தே நிர்வகிக்கும் ஹோஸ்டிங் கன்ட்ரோல் பேனலுக்குள்ளேயே, விண்டோஸின் லாக்குகளைக் காட்டும் ஈவென்ட் வியூவர் பக்கம் இருக்கிறது. எந்த சர்வர் என்று தேர்ந்தெடுத்து, அப்ளிகேஷன், சிஸ்டம், செக்யூரிட்டி ஆகியவற்றில் ஒன்றைச் சொன்னால் போதும், புதியது மேலே வரும்படி பதிவுகள் வந்து நிற்கும். பல வருடங்களாகத் தினமும் திறக்கும் பக்கம் இது. அட்மின் பாஸ்வேர்டே தெரியாத சப்போர்ட் ஆளும் “என்ன நடந்தது, எப்போது நடந்தது” என்று தானே பார்த்துச் சொல்ல முடிகிறது. என்னைப் பொறுத்தவரை இந்த வசதியின் முழு மதிப்பும் அதில்தான் இருக்கிறது.

ஒரு தளம் திடீரென 503 (சேவை கிடைக்கவில்லை என்ற பிழை) காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தளத்துக்காரர் முதலில் தன் அக்சஸ் லாக்கை, அதாவது தளத்துக்கு வந்த கோரிக்கைகளின் பதிவை, இறக்கித் தேடுவார். அந்த 503 அதில் இருக்காது. தளத்தின் கோடை ஓட்டும் அப்ளிகேஷன் பூல் நின்றுபோனால் கோரிக்கை தளம்வரை போவதே இல்லை. விண்டோஸின் உட்கருவான கெர்னல் மட்டத்தில் உள்ள எச்டிடிபி டிரைவரே 503 சொல்லித் திருப்பி அனுப்பிவிடும், அதையும் வேறொரு லாக்கில்தான் எழுதும். இந்த நேரத்தில் பேனலில் சிஸ்டம் லாக்கைத் திறந்தால் 5011 என்ற ஈவென்ட் ஐடியோடு (நிகழ்வின் வகையைக் குறிக்கும் எண்) வார்னிங்குகள் அடுத்தடுத்து இருக்கும். அவற்றுக்கு மேலே 5002 என்று ஒரு எரர். 5 நிமிடத்துக்குள் 5 முறை வொர்க்கர் ப்ராசஸ் (பூலுக்குள் தளத்தை ஓட்டும் ப்ராசஸ்) விழுந்தால் பூலை நிறுத்திவிடுவது விண்டோஸின் வெப் சர்வரான ஐஐஎஸ்ஸின் இயல்பான அமைப்பு. அந்த முடிவைத்தான் 5002 பதிவு செய்கிறது.

பலர் இத்தோடு பூலை மறுபடி ஸ்டார்ட் செய்துவிட்டு டிக்கெட்டை மூடிவிடுகிறார்கள். சிஸ்டம் லாக் சொன்னது விளைவு மட்டும்தான். காரணம் அப்ளிகேஷன் லாக்கில் இருக்கிறது. டிராப்டவுனை மாற்றி அதே நிமிடத்துக்குப் போனால் டாட்நெட் ரன்டைம் (டாட்நெட்டில் எழுதிய கோடை ஓட்டும் மென்பொருள்) எழுதிய 1026 கிடைக்கும், பக்கத்திலேயே 1000. முதலாவதைத் திறந்தால் கோடில் எங்கும் பிடிக்காமல் விட்ட எக்ஸெப்ஷனின் (ஓடும்போது எழும் பிழை) பெயரும், அது எந்த ஃபங்ஷனிலிருந்து கிளம்பியது என்பதும் வரிவரியாக இருக்கும். இரண்டாவதில் விழுந்த மாட்யூலின் பெயர். மெயில் அனுப்புவதற்காகப் பின்னணியில் ஒரு திரெட்டை (அதே ப்ராசஸுக்குள் தனியாக ஓடும் வேலை) ஓடவிட்டிருப்பார்கள், மெயில் சர்வர் இணைப்பை மறுத்ததும் அங்கே எழுந்த எக்ஸெப்ஷன் மொத்த ப்ராசஸையும் சாய்த்துவிடும். இப்படிப்பட்ட கேஸ்களில் அந்த 1026-ஐ அப்படியே காப்பி செய்து டெவலப்பருக்கு அனுப்பிவிடுவேன். “சர்வர் பிரச்சினையா, கோட் பிரச்சினையா” என்ற வாக்குவாதம் அதற்கப்புறம் எழுவதில்லை.

ரீபூட் கேள்விக்கும் இந்தப் பக்கமே போதும். சிஸ்டம் லாக்கில் 1074 இருந்தால் யாரோ அல்லது ஏதோ ஒரு ப்ராசஸ் முறைப்படி ரீஸ்டார்ட் செய்திருக்கிறது. பெயரும் காரணமும் அதிலேயே இருக்கும், அப்டேட்டுக்காக நடந்தது உட்பட. 6008 இருந்தால் சர்வர் எதிர்பாராமல் நின்றிருக்கிறது. இந்த 6008 மறுபடி பூட் ஆன பிறகு எழுதப்படுவது, எனவே பட்டியலில் தெரியும் நேரத்தை நம்பக் கூடாது. நின்ற நேரம் செய்திக்குள்ளே இருக்கும், திறந்துதான் படிக்க வேண்டும்.

புதிதாகப் பார்ப்பவர்களைச் சிவப்பு ஐகான்கள் மிரட்டிவிடுகின்றன. டிகாம் (விண்டோஸ் பாகங்கள் ஒன்றையொன்று அழைக்கும் வசதி) எழுதும் 10016 கிட்டத்தட்ட எல்லா விண்டோஸ் சர்வரிலும் வரும், அதை ஒதுக்கிவிடலாம் என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்லியிருக்கிறது. பாதுகாப்பான இணைப்புகளைக் கவனிக்கும் ஷானல் எழுதும் 36874 பெரும்பாலும் வெளியிலிருந்து பழைய சைஃபர்களோடு (குறியாக்க முறைகள்) வந்து தட்டிப் பார்க்கும் ஸ்கேனர்களால் வருவது. 5186-ஐப் பார்த்துப் பூல் செத்துவிட்டது என்று பதறுகிறவர்களும் உண்டு. 20 நிமிடம் யாரும் வராத தளத்தின் ப்ராசஸை ஐஐஎஸ் நிறுத்தி வைக்கிறது, அவ்வளவுதான். சிவப்பா மஞ்சளா என்பதை விட, சோர்ஸ், ஈவென்ட் ஐடி, நேரம் மூன்றையும் சேர்த்துப் படிக்கும் பழக்கம் வந்துவிட்டால் பக்கம் சட்டென்று தெளிவாகிவிடும்.

சரி, குறைகளுக்கு வருகிறேன். நான் பயன்படுத்தும் பேனலில் செக்யூரிட்டி லாக் ஒரு தொல்லை. இணையத்துக்குத் திறந்திருக்கும் சர்வரில் தோல்வியடைந்த லாகின் முயற்சிகள், அதாவது 4625, ஓயாமல் குவிகின்றன. அவ்வளவையும் கொண்டுவர முயன்று பக்கம் டைம்அவுட் ஆகிவிடுகிறது. ஐடி கொடுத்து வடிகட்டவும் வழியில்லை. அந்தப் பக்கம் டாட்நெட்டின் பழைய ஈவென்ட் லாக் கிளாஸை நம்பி எழுதப்பட்டது என்பதால் பழைய பாணி லாக்குகள் மட்டுமே தெரியும். விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து வந்த தனித்தனி சேனல்கள், உதாரணமாக டாஸ்க் ஷெட்யூலருடையது, அங்கே கிடையாது. ஷெட்யூல் செய்த பேக்கப் ஏன் ஓடவில்லை என்று தேட ரிமோட் டெஸ்க்டாப்தான் கதி. சில பதிவுகளில் “இந்த ஐடிக்கான விளக்கம் கிடைக்கவில்லை” என்று மட்டும் வரும். அந்த மென்பொருளின் செய்திக் கோப்பு சர்வரில் இல்லை என்று அர்த்தம். கீழே ஒட்டிக்கொண்டிருக்கும் துண்டு வார்த்தைகளில் பாதை அல்லது கோப்பின் பெயர் ஏதாவது கிடைக்கும், அதை வைத்து ஊகிக்க வேண்டியதுதான்.

நேர மண்டலமும் இடறும். விண்டோஸ் ஒவ்வொரு பதிவையும் யுடிசியில் (உலகப் பொது நேரம்) சேமித்து, காட்டும்போது அந்த மெஷினின் நேரத்துக்கு மாற்றுகிறது. பேனல் காட்டுவது சர்வரின் நேரம். ஐஐஎஸ் லாக் வழக்கமாக எழுதுவது யுடிசி. புகார் செய்தவர் சொல்வதோ அவர் கைக்கடிகார நேரம். மூன்றையும் ஒரே மண்டலத்துக்குக் கொண்டுவராமல் தேடினால் சம்பந்தமே இல்லாத எரரில் போய் நிற்போம்.

இந்தப் பக்கத்தில் எனக்கு உண்மையிலேயே பிடிக்காதது லாக்கை அழிக்கும் பட்டன். பார்க்க அனுமதி உள்ளவர் எல்லோருக்கும் அது தெரிகிறது. பட்டியல் நீளமாக இருக்கிறதே என்று யாராவது அழுத்திவிட்டால் விசாரணைக்கு எதுவும் மிஞ்சாது. செக்யூரிட்டி லாக்கை அழித்தால் 1102, மற்றவற்றுக்கு 104 என்று அழித்த செயலே பதிவாகும். ஆனால் பேனல் வழியாக அழித்தால் அதில் பேனல் ஓடுவதற்கான சர்வீஸ் அக்கவுன்ட்டின் பெயர்தான் நிற்கும், அழுத்தியவர் பெயர் வராது. பார்ப்பதும் அழிப்பதும் தனித்தனி அனுமதிகளாக இருக்க வேண்டும். பேனல் எழுதுகிறவர்கள் ஒரே ஒரு மாற்றம்தான் செய்வார்கள் என்றால் இதைத்தான் கேட்பேன்.

அந்த மாற்றம் வரும்வரை, பேனலை நிறுவியதும் அப்ளிகேஷன், சிஸ்டம் லாக்குகளின் அளவை ஒருமுறை ரிமோட் டெஸ்க்டாப்பில் போய்க் கூட்டிவைத்துவிடுங்கள். இயல்பாக அது 20 எம்பி, நிரம்பியதும் பழையவற்றின் மேலேயே எழுதும். சத்தம் அதிகமுள்ள சர்வரில் போன வார 1026 இந்த வாரம் இருக்காது. லாக்குகள் சேமிக்கப்படும் எவ்டிஎக்ஸ் கோப்புகளை ஷெட்யூல் வைத்து இன்னொரு மெஷினுக்கும் நகல் எடுத்து வையுங்கள். பட்டனை யார் அழுத்தினாலும் அந்த நகல் போகாது.