ஃப்ளோட்டே இல்லாத கார்புரேட்டருக்கு ஃப்ளோட் செட்டிங் பில்

மாற்றங்கள் செய்த ஸ்டாண்ட்-அப் ஜெட் ஸ்கீயை (நின்றுகொண்டே ஓட்டும் தண்ணீர் வண்டி) வைத்துக்கொண்டு, பெட்ரோல் ஓவர்ஃப்ளோ தொல்லையோடு மெக்கானிக்கைத் தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் மூன்று முறை காசு கொடுத்தேன். முதல் இரண்டு முறையும் கோளாறு இருந்த கார்பின் உள்ளே யாரும் கையே வைக்கவில்லை. மூன்றாவது முறை கொடுத்தது, முந்தைய "சரிசெய்தலால்" போன பிஸ்டனுக்கு.

வண்டி யமஹா சூப்பர்ஜெட். 701 சிசி, இரண்டு சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக். எனக்கு விற்றவர் ஏற்கெனவே அதில் நிறைய கைவைத்திருந்தார். ஹெட்டைச் சீவியிருந்தார், எக்ஸாஸ்ட் பைப்பை மாற்றியிருந்தார், பழைய கார்புகளைக் கழற்றிவிட்டு இரண்டு 44 மி.மீ. மிக்குனி சூப்பர் பி.என். மாட்டியிருந்தார். "சும்மா பறக்கும்" என்றார். பறந்ததும் உண்மைதான். ஒருமுறை நிறுத்திவிட்டால் மறுபடி கிளப்புவதுதான் பாடு. பத்து நிமிடம் கழித்து பட்டனை அழுத்தினால் உறுமும், திணறும், செத்துவிடும். பிளக்கைக் கழற்றினால் பெட்ரோலில் குளித்தது போல் இருக்கும். இன்ஜின் அறையின் மூடியைத் திறந்தாலே நெடி மூக்கைத் துளைக்கும்.

தண்ணீர் வண்டிகளும் பார்ப்பேன் என்று சொன்ன ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். நல்லாப் பேசுவார். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார், பிளக்கைப் பார்த்தார், "ஜெட் பெருசு தம்பி. கலவை ரொம்ப ரிச், பெட்ரோல் அதிகம். குறைச்சிட்டா சரியாயிரும்" என்றார். இரண்டு நாள் கழித்துப் பில் வந்தது. மெயின் ஜெட் (பெட்ரோலை அளந்துவிடும் ஓட்டை, எண் குறைந்தால் பெட்ரோலும் குறையும்) 135 இருந்ததை 120 ஆக்கியது, மெதுவான வேகத்துக்கான லோ ஜெட்டை இரண்டு படி இறக்கியது, கார்பின் உள்பாகங்கள் அடங்கிய கிட் மாற்றியது. கடைசி வரி "ஃப்ளோட் லெவல் செட்டிங்".

அந்த வரியை அன்றைக்கு நான் சாதாரணமாகக் கடந்துபோனேன். இந்தப் பதிவுக்கே காரணம் அந்த வரிதான்.

மோட்டார் சைக்கிள் கார்பில் அடியில் ஒரு கிண்ணம் இருக்கும், அதில் ஒரு மிதவை. பெட்ரோல் நிறைந்தால் மிதவை எழும்பி ஊசியை மூடும். அதைத்தான் ஃப்ளோட் என்கிறோம். ஸ்டாண்ட்-அப் தண்ணீரில் சாயும், குதிக்கும், சில நேரம் தலைகீழாகவும் கிடக்கும். அங்கே மிதவை வேலைக்கு ஆகாது. அதனால் சூப்பர் பி.என். கார்பில் கிண்ணமும் இல்லை, மிதவையும் இல்லை. ஒரு மெல்லிய டயஃப்ரம், அது தொட்டு அழுத்தும் ஒரு சின்ன லீவர், லீவரின் கீழே ஒரு ஸ்பிரிங், மறுமுனையில் நீடில். இன்ஜின் காற்றை இழுக்கும்போது டயஃப்ரம் உள்ளே வளையும், லீவர் சாயும், நீடில் எழும்பும், பெட்ரோல் வரும். இழுப்பு நின்றால் ஸ்பிரிங் நீடிலை மூடிவிடும். இந்தக் கார்ப் எப்படி வேலை செய்கிறது என்றே தெரியாத ஒருவரால்தான் இதற்கு "ஃப்ளோட் லெவல் செட்டிங்" என்று பில் போட முடியும்.

எனக்கு அன்று இது எதுவும் தெரியாது. காசைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துவந்தேன். முதல் நாள் கொஞ்சம் பரவாயில்லை போலத் தெரிந்தது. இரண்டாம் நாள் அதே கதை. திரும்பப் போனேன். இந்த முறை "கிராங்க் சீல் போயிருக்கு" என்றார். கலவையை இன்ஜினுக்குள் விடும் ரீட் வால்வின் இதழ்களும் வளைந்திருக்கின்றனவாம். சீல், ரீட், கூலி என்று இன்னொரு பில். பின்னால் தெரிந்துகொண்டது, கிராங்க் சீல் ஒழுகினால் வெளிக்காற்று உள்ளே வந்து கலவை வறண்டுபோகும். அதனால் பெட்ரோல் வழியவே வழியாது. நோய்க்கு நேரெதிரான மருந்துக்குக் காசு வாங்கியிருக்கிறார்.

அடுத்த வாரம் முழு த்ராட்டிலில் நீளமாக ஒரு ஓட்டம் விட்டேன். நடுவில் இன்ஜின் குரல் மெல்லியதாக மாறியது, அப்புறம் கப்பென்று நின்றது. பின் சிலிண்டர் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொண்டது.

"பெட்ரோல் அதிகம்" என்ற வண்டி பெட்ரோல் போதாமல் எப்படிச் செத்தது? எனக்குச் சில நாள் மண்டை காய்ந்தது. கேட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. நீடில் வழியாக ஒழுகும் பெட்ரோல் அளவில் கொஞ்சம்தான். ஐடிலிங்கில் இன்ஜின் குடிப்பதே கொஞ்சம் என்பதால், அந்த ஒழுகலே அதை மூழ்கடித்துவிடும். முழு த்ராட்டிலில் இன்ஜின் வாரிக் குடிக்கும்போது அந்த ஒழுகல் ஒரு பொருட்டே இல்லை. அங்கே கலவையைத் தீர்மானிப்பது மெயின் ஜெட். அதைத்தான் 120 ஆக இறக்கி வைத்திருந்தார். மெதுவாகப் போனால் வெள்ளம், முழு வேகத்தில் வறட்சி. ஒவ்வொரு முறையும் மெதுவாகக் கரைக்கு வந்து நிறுத்திவிட்டுப் பிளக்கைப் பார்த்ததால், அது எப்போதும் ஈரமாகவே இருந்தது. அந்த ஈரத்தை வைத்து முழு வேகத்தில் என்ன நடக்கிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

முன்பு ஸ்டாண்ட்-அப் பந்தயங்களில் ஓட்டிய ஓர் அண்ணனிடம் போனில் புலம்பினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "இன்ஜின் ஓடாதப்பவும் கார்புக்குள்ள சொட்டுதா?" போய்ப் பார்த்தேன். கார்பின் வாயை மூடியிருக்கும் ஃபிளேம் அரெஸ்டரைக் கழற்றி டார்ச் அடித்தால், முன் கார்பின் வாயில் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. "அப்ப ஜெட்டை ஏன் தொட்டான்?" என்றார்.

ஜெட் என்பது இன்ஜின் காற்றை இழுக்கும்போது மட்டும் வேலை செய்யும் ஓட்டை. நின்றுகொண்டிருக்கும் இன்ஜினில் பெட்ரோல் சொட்டினால் நீடில் மூடவில்லை, அல்லது பின்னாலிருந்து ஏதோ ஒன்று அதைத் தள்ளித் திறக்கிறது. ஜெட்டின் எண்ணை எவ்வளவு மாற்றினாலும் இது தீராது. இந்த ஒரு விஷயத்தை முன்பே தெரிந்து வைத்திருந்தால் முதல் நாளே அந்த ஆளிடமிருந்து கும்பிடு போட்டு நகர்ந்திருப்பேன்.

அண்ணன் சொல்லச் சொல்ல நானே திறந்தேன். முன் கார்பின் மூடியில் திருகுத் தலைகளில் உப்பும் மணலும் கெட்டியாக உறைந்திருந்தன. ஸ்க்ரூடிரைவர் முனை உட்காரவே குச்சியால் சுரண்ட வேண்டியிருந்தது. போன மாதம் கிட் மாற்றிய கார்பில் இது எப்படி? உள்ளே டயஃப்ரம் விறைத்து அட்டை போல ஆகியிருந்தது. நீடில் உட்கார்ந்து மூடும் பித்தளை சீட்டின் மேல் பழைய பெட்ரோலின் பச்சைக் களிம்பு. சீட்டுக்கு அடியில் இருக்கும் ஓ-ரிங் கல்லாகியிருந்தது. அது கெட்டால் நீடில் எவ்வளவு நன்றாக மூடினாலும் சீட்டைச் சுற்றிக்கொண்டு பெட்ரோல் வரும், பலரும் கவனிக்காத இடம் இது. ஜெட்டுகளை மாற்ற டயஃப்ரம் பக்கத்தைத் திறந்தாக வேண்டும். பின் கார்பில் திறந்திருக்கிறார், அங்கே 120 இருந்தது. முன் கார்பில் 135 அப்படியே இருந்தது. இரண்டு சிலிண்டர் வண்டியில் ஒன்றுக்கு மட்டும் தீனியைக் குறைத்திருக்கிறார். பிடித்துக்கொண்டது எந்த சிலிண்டர் என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

மூல நோய் அதற்கும் முந்தையது, வண்டியை மாற்றியமைத்தவர் கை வைத்த இடம். சீட்டில் பொறித்திருந்த எண் 2.5, அதாவது ஓட்டை 2.5 மி.மீ. ஸ்பிரிங் 65 கிராம் விசை கொண்டது. சீட்டின் ஓட்டை பெரிதாக ஆக, அதே ஸ்பிரிங் குறைந்த அழுத்தத்திலேயே வழிவிட்டுவிடும். பரப்பளவுக் கணக்கில் 1.5 சீட்டைவிட 2.5 சீட்டில் பெட்ரோல் கிட்டத்தட்ட 2.8 மடங்கு விசையோடு நீடிலைத் தள்ளும். பெரிய சீட்டோடு மெல்லிய ஸ்பிரிங் சேர்ந்தால் கதவுக்குத் தாழ்ப்பாளே இல்லாத மாதிரி. போதாக்குறைக்கு லீவரை மேல்நோக்கி வளைத்திருந்தார்கள். அது பக்கத்திலுள்ள உலோகத் தளத்தோடு சமமாக இருக்க வேண்டும். தூக்கி நின்றால் டயஃப்ரம் சும்மா இருக்கும்போதே நீடிலை லேசாகத் திறந்து வைக்கும்.

இதையெல்லாம்விட மோசம் ரிட்டர்ன் குழாய். பம்ப் தேவைக்கு மேல் தள்ளும் பெட்ரோல் டாங்குக்குத் திரும்பிப் போக ஒரு வழி வேண்டும். இரட்டைக் கார்ப் மாட்டும்போது குழாய் எட்டவில்லையோ என்னவோ, ரிட்டர்ன் முனையில் ஒரு ரப்பர் மூடியைச் செருகிவிட்டிருந்தார்கள். போக்கிடம் இல்லாத அழுத்தம் எல்லாம் நீடிலின் தலையில். கூடவே டாங்கின் மூச்சுக்குழாயில் இருக்கும் ஒருவழி வால்வ், காற்றை உள்ளே விடும், வெளியே விடாது. வெயிலில் நிறுத்தினால் டாங்கே ஒரு பம்ப் ஆகிவிடும். மதியம் டாங்க் மூடியைத் திறக்கும்போது "புஸ்" என்று கேட்டதை நான் எத்தனையோ முறை ரசித்திருக்கிறேன், மடையன்.

சோதிக்கப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. அளவி வைத்த சின்னக் கைப்பம்ப்தான். ரிட்டர்ன் முனையை அடைத்துவிட்டு, டயஃப்ரத்தைக் கழற்றிவிட்டு, நீடிலை இரண்டு சொட்டுப் பெட்ரோலால் நனைத்து, பெட்ரோல் வரும் முனையில் மெதுவாக அழுத்தம் ஏற்றினேன். "பொக்" என்று திறக்கும் இடம்தான் பாப்-ஆஃப். திறப்பதற்கு முன், 10 பி.எஸ்.ஐ.யில் முள் அசையாமல் நிற்க வேண்டும். என் முன் கார்பில் முள் நிற்கவே இல்லை, கண்ணெதிரே இறங்கியது. புது சீட், ஓ-ரிங், டயஃப்ரம், கனமான ஸ்பிரிங் போட்ட பிறகு இரண்டு கார்பும் ஒரே இடத்தில் திறந்தன. ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இருந்தால் விடாதீர்கள், மறுபடி திறங்கள். இன்னொன்று, பல்ஸ் குழாயையும் கழற்றி முகருங்கள். கிராங்க்கேஸின் துடிப்பை பம்புக்குக் கொண்டுபோகும் குழாய் அது. அதற்குள் பெட்ரோல் இருந்தால் பம்ப் டயஃப்ரம் கிழிந்து நேராக கிராங்க்கேஸுக்கே பெட்ரோல் போகிறது என்று அர்த்தம். என்னுடையதில் அது நன்றாக இருந்தது, சின்ன ஆறுதல்.

ஓவர்ஃப்ளோ ஆன வண்டியை வெறியோடு கிராங்க் பண்ணிக்கொண்டே இருக்காதீர்கள், நான் பண்ணினேன். உள்ளே பெட்ரோல் நிறைந்திருந்தால் பிஸ்டன் அதை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராட் வளையலாம். இரண்டு பிளக்கையும் கழற்றி, வயர்களை எர்த் செய்து, அறையின் மூடியைத் திறந்து ஆவியை வெளியேற்றிவிட்டுத்தான் சுற்ற வேண்டும். எர்த் செய்யாத வயர் அந்த ஆவிக்குள் பொறி அடித்தால் வண்டி மிஞ்சாது, நீங்களும்தான்.

கழற்றிய பொருள்களை ஒரு பையில் போட்டு, பில்லையும் எடுத்துக்கொண்டு அந்த மெக்கானிக்கிடம் போனேன். "கிட் எங்கே மாத்தினீங்க?" என்றேன். "பசங்க மாத்தியிருப்பாங்க தம்பி" என்றார். "முன் கார்ப் திறக்கவே இல்லையே?" "அது ஜாம் ஆகியிருந்துது." "ஃப்ளோட் லெவல்?" கொஞ்சம் யோசித்தார். "அது எல்லா கார்புக்கும் பண்றதுதான்" என்றார். காசு திரும்ப வராது என்று தெரிந்தேதான் போனேன். பிஸ்டனுக்குப் பாதி கேட்டேன், டூ-ஸ்ட்ரோக் என்றால் அப்படித்தான் என்று முடித்துவிட்டார்.

இப்போது வேறு யாரிடம் வண்டியை விட்டாலும், கார்ப் மூடியின் ஒவ்வொரு திருகிலும் நகச்சாயத்தில் ஒரு பொட்டு வைத்துவிட்டுத்தான் விடுகிறேன், கழற்றிய பாகங்கள் கையில் வராமல் பில்லுக்குக் காசு கொடுப்பதில்லை. முன் கார்பிலிருந்த 135-ஐ வைத்துக்கொண்டேன். பின் கார்பிலிருந்து அவர் கழற்றிய 135 ஜெட் இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. மூன்று முறை கேட்டாகிவிட்டது, தேடித் தருகிறேன் என்கிறார்.