ஸ்விட்ச்சில் ஸ்பீக்கர் ஊமையா? "ஐசி போயிடுச்சு" என்று சொன்னால் உடனே பணம் கொடுத்துவிடாதீர்கள்

நின்டெண்டோ ஸ்விட்ச் (கையில் வைத்தும் டிவியில் இணைத்தும் ஆடும் வீடியோ கேம் கருவி) வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைக் கடைசிவரை படியுங்கள். ஸ்பீக்கரில் சத்தம் வரவில்லை என்று ஒரு கடையில் கொடுத்து, 4,800 ரூபாயையும் விட்டு, கொடுத்ததைவிட மோசமான நிலையில் கருவியைத் திரும்ப வாங்கி வந்திருக்கிறேன். உண்மையான கோளாறு வேறு என்பது அப்புறம்தான் தெரிந்தது.

கருவி என் அக்கா மகனுடையது. மூன்று வருடம் தீபாவளிக் காசு, பொங்கல் காசு எல்லாம் சேர்த்து வைத்தான். குறைந்ததை நான் போட்டேன். செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். 2017-ல் வந்த பழைய வகைதான், ஆனால் அவனுக்கு அது உயிர். ஒரு நாள் ஹெட்போனைக் கழற்றியதும் ஸ்பீக்கர் நின்றுவிட்டது. ஹெட்போனை மாட்டினால் தெளிவாகக் கேட்கிறது. டிவியில் இணைத்தாலும் கேட்கிறது. கையில் வைத்து ஆடும்போது மட்டும் சத்தமே இல்லை.

நின்டெண்டோ நம் நாட்டில் ஸ்விட்ச்சை நேரடியாக விற்பதில்லை. இங்கே கிடைப்பதெல்லாம் வெளியிலிருந்து வந்த சரக்கு. கம்பெனி சர்வீஸ் சென்டர் என்று போய் நிற்க இடமில்லை. சென்னையில் இருப்பவன் வேறு எங்கே போவான்? எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குத்தான் போனேன். நேர்மையாக வேலை செய்யும் கைகள் அங்கே எவ்வளவோ இருக்கின்றன, அதை மறுக்கவில்லை. நான் ஏறிய கடை அப்படி இல்லை.

கவுண்டரில் இருந்த பையன் கருவியை ஆன் செய்து, வால்யூம் பட்டனை இரண்டு தடவை அழுத்தினான். அவ்வளவுதான் சோதனை. "ஆடியோ ஐசி போயிடுச்சுண்ணா. ஐசி 3,200, லேபர் 1,600. பத்து நாள் ஆகும்." ஆடியோ ஐசி என்றால் உள்ளே சத்தத்தைக் கையாளும் சின்ன சிப். ஹெட்போன் மாட்டிப் பார்க்கவில்லை, பின்மூடியைத் திறக்கவும் இல்லை. முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்டார்கள். ஜிபேயில் அனுப்பினேன். பில் கேட்டதற்கு விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில் "ஸ்விட்ச் ஆடியோ" என்று கிறுக்கித் தந்தார்கள்.

பத்தாம் நாள் போனபோது கவுண்டரில் சத்தம் நன்றாகவே வந்தது. வீட்டில் நான்கு நாள் ஓடியது. ஐந்தாம் நாள் மறுபடி ஊமை. அதோடு மின்விசிறி முன்பில்லாத அளவுக்கு இரைய ஆரம்பித்தது. கேம் கார்டைப் போட்டால் ஒரு தடவை எடுக்கிறது, ஒரு தடவை எடுக்க மாட்டேன் என்கிறது. திரும்பக் கொண்டுபோனேன். "இப்போ ஸ்பீக்கரே போயிடுச்சு சார், 2,200 ஆகும்" என்றார்கள். மாற்றிய பழைய ஐசியைக் காட்டுங்கள் என்றேன். "அதெல்லாம் தூக்கிப் போட்டாச்சு." முதல் நாள் அண்ணா, இப்போது சார். கருவியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

தாம்பரம் பக்கம் ஒரு பெரியவர் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறார். டேப் ரெக்கார்டர் காலத்திலிருந்து ரிப்பேர் செய்பவர். அவர் முதலில் வால்யூம் பட்டனை அழுத்திவிட்டு, "தம்பி, மேலே என்ன படம் வருது பாருங்க" என்றார். திரையின் ஓரத்தில் ஹெட்போன் படம். ஹெட்போன் மாட்டவே இல்லை. "ஹெட்போன் உள்ளே இருக்குன்னு மெஷின் நினைச்சுக்கிட்டு இருக்கு. அப்புறம் ஸ்பீக்கருக்கு எப்படிச் சத்தம் அனுப்பும்?"

அந்தப் படம் முதல் கடையிலும் என் கண் முன்னால் வந்துதான் போயிருக்கும். பையன் பார்த்தானா, பார்த்தும் சொல்லவில்லையா, தெரியாது. எனக்கு அப்போது அதற்கு அர்த்தம் தெரியவில்லை.

என் எதிரிலேயே திறந்தார். ஸ்விட்ச்சின் பின்மூடியின் மூலைத் திருகாணிகளின் தலையில் மூன்று கை கொண்ட ஒய் வடிவ வெட்டு இருக்கும். எங்களுடையதில் இரண்டு மாறிப்போய், எந்தப் போனிலிருந்தோ எடுத்த சாதாரணத் திருகாணிகள் இருந்தன. உள்ளே தகட்டுக்கும் வெப்பக் குழாய்க்கும் இடையில் இருக்க வேண்டிய, சூட்டைக் கடத்தும் பசையைத் துடைத்துவிட்டு, திரும்பப் போடாமலே மூடியிருக்கிறார்கள். விசிறி இரைந்ததற்கு அதுதான் காரணம் என்றார். பிறகு பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்து ஆடியோ ஐசியைக் காட்டினார். ரியல்டெக் நிறுவனத்தின் ஏஎல்சி5639. அதன் கால்களைச் சுற்றி ஈயம் பளபளவென்று ஒரே சீராக இருந்தது. ஈயம் வைக்கும்போது தடவும் ஃபிளக்ஸின் கறை துளியும் இல்லை. "இதுல சூடு பட்டதே இல்ல, தம்பி." மாற்றாத ஐசிக்கு 3,200 வாங்கியிருக்கிறார்கள். அந்த நிமிடம் எனக்கு வயிறு எரிந்தது. அக்கா மகன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்த வகையில் ஹெட்போன் துளையும் கேம் கார்டு போடும் இடமும் ஒரே சின்ன சர்க்யூட் பலகையில் இருக்கின்றன. அதைக் கழற்றித் துளைக்குள் விளக்கடித்தார். அடியில் பஞ்சு, துணி நூல், தூசு எல்லாம் இறுகி, மிளகளவில் சாம்பல் நிற உருண்டையாக இருந்தது. மெல்லிய ஊசிமுனை இடுக்கியால் எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தார். துளைக்குள் ஒரு சின்ன உலோக நாக்கு இருக்கிறது. ஹெட்போன் முனை போனால் நகரும், வெளியே எடுத்தால் பழைய இடத்துக்கு வரும். அதை வைத்துத்தான் கருவி முடிவு செய்கிறது. அழுக்கு அதைத் திரும்பவிடாமல் தடுத்திருக்கிறது. முதல் கடையில் யாரோ குண்டூசி போல எதையோ விட்டுக் கிளறியதில் நாக்கு வளைந்தும் போயிருந்தது. அதனால்தான் நான்கு நாள் வேலை செய்துவிட்டு நின்றிருக்கிறது. அந்தப் பலகையை மட்டும் வரவழைத்து மாற்றினார், பசையும் போட்டார். எல்லாம் சேர்த்து 1,900. இரண்டு ஸ்பீக்கரும் நன்றாகவே இருந்தன. கார்டும் இப்போது எடுக்கிறது.

உங்களுக்கும் இப்படி ஆனால் கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே பாருங்கள். வால்யூமை அழுத்தும்போது வருவது ஸ்பீக்கர் படமா, ஹெட்போன் படமா? ஹெட்போன் மாட்டாமலே ஹெட்போன் படம் வந்தால் சந்தேகம் துளைமேல்தான். 2021 செப்டம்பரில் வந்த 13.0 அப்டேட்டுக்குப் பிறகு ஸ்விட்ச் புளூடூத் ஹெட்போனோடும் சேரும், ஆகவே பக்கத்து அறையில் ஏதாவது இணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஹெட்போனைக் கழற்றினால் சத்தத்தை நிறுத்து என்று செட்டிங்ஸில் ஒன்று உண்டு, அது ஆனில் இருக்கலாம். ஹெட்போனில் சத்தம் வருகிறதென்றால் ஐசி அடியோடு செத்துப்போகவில்லை என்று அர்த்தம், ஏனென்றால் இரண்டுக்கும் சத்தம் போவது அதே ஐசி வழியாகத்தான். கருவியை முழுதாக அணைத்துவிட்டு, ஹெட்போன் முனையைப் பத்துப் பதினைந்து தடவை செருகி எடுங்கள். ரப்பர் பந்து ஊதுகுழலால் காற்றடியுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் உள்ளே போகும். குண்டூசி, சேஃப்டி பின் எதையும் விடாதீர்கள், எங்களுடையதில் நாக்கு வளைந்தது அதனால்தான்.

கடைக்குக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், முன்னும் பின்னும் திருகாணிகள் தெரியப் படம் எடுத்து வையுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணும் செட்டிங்ஸில் காட்டும் எண்ணும் ஒன்றுதானா என்று கொடுக்கும்போதும் வாங்கும்போதும் பாருங்கள். கழற்றிய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அது பிடிக்காத கடையில் கொடுக்காதீர்கள்.

பில் தராமல் இருப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடவடிக்கை. நான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். ஜிபே ரசீது, விசிட்டிங் கார்டு, ஐசியின் படம் மூன்றையும் எடுத்து வைத்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருட அவகாசம் உண்டு, ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. நேற்று கடையிலிருந்து போன் வந்தது, 2,000 தருகிறோம், விட்டுவிடுங்கள் என்றார்கள். 4,800-ம் வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.